பொருள்: மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து தீர்மானிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் தமிழ் நோயாளிகளுக்கான, பரவிய மார்பகப் புற்றுநோய் பற்றிய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிய பிறகு நோயை அறவே நீக்குவது அரிது, கட்டுக்குள் வைக்கலாம். கீமோவா, ஹார்மோன் மாத்திரையா, எவ்வளவு அயர்ச்சியைத் தாங்க மனம் இருக்கிறது என்பதையெல்லாம் மருத்துவரும் நோயாளியும் பேசித் தேர்வதற்கு 'பகிர்ந்த முடிவெடுப்பு' என்று போட்டிருந்தேன். நேற்று கோயிலில் ஓர் ஆயாவிடம் படிக்கக் கொடுத்தேன். 'முடிவு' என்ற இடத்தில் விரலை வைத்து, "என் முடிவையா எடுக்கப்போறாங்க?" என்றார். அங்கேயே அடித்துவிட்டேன். 'முற்றிய' என்பதையும் இதற்காகத்தான் முன்பே எடுத்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
தங்கச்சி, 'பகிர்ந்த' என்பதும் சரியில்லை. சோற்றைப் பகிர்ந்தால் ஆளுக்கொரு பங்கு, இங்கே பங்கே கிடையாது. 'உசாத்துணிவு' என்று வைக்கலாம். உசாவுதல் என்றால் கலந்து கேட்பது. 'எண்ணித் துணிக கருமம்' என்பதில் வரும் துணிதல் தீர்மானிப்பதுதான். வேர் வெட்டுதல், துண்டு, துணுக்கு, உடுத்தும் துணிகூட அங்கிருந்து வந்தவை, ஐயத்தை அறுத்தால் துணிவு.

லெனேசியாவிலிருந்து:
ஐயா, வேர் நன்றாக இருக்கிறது. ஆனால் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களின் வழிவந்த நம் பாட்டிமாருக்குத் துணிவு என்றால் தைரியம் மட்டுமே. நோய் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவர்களிடம் தைரியமாக இரு என்றுதான் சொல்கிறார்கள், என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 'கலந்துபேசித் தீர்மானித்தல்' போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அது சொல் இல்லை, வாக்கியம். 'மானம்' என்ற ஒட்டு வடமொழி வாடை வேறு.

லெனேசியாவிலிருந்து:
'தீர்' தமிழ்தானே ஐயா? 950ஆம் குறளில் மருத்துவனுக்குப் பெயரே 'தீர்ப்பான்'. அவனுக்கும் முன்னால் 'உற்றவன்', அதாவது நோயாளி.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம், 6ஆம் பிரிவு, சிகிச்சை வகைகள், நன்மை, ஆபத்து, செலவு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை எல்லாவற்றையும் இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்கிறது. அதனால் 'கலந்துபேசித் தீர்மானித்தல்' என்றே போடுகிறேன். இன்று மாலை ஆயாவிடம் மறுபடி காட்டுவேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
சரி, துண்டறிக்கைக்கு அது இருக்கட்டும். நம் சொற்பட்டியலில் 'உசாத்துணிவு' என்பதை அடிக்காதீர்கள்.