விற்றுவிட்ட மலைச் சைக்கிளை மறுபடி கட்டலாமா?

மூன்றாம்கியர்:
இதுவரை நான்கு சைக்கிள் ஓட்டியாகிவிட்டது. முதலாவது 26 அங்குல மலைச் சைக்கிள். குரோமோலி ஸ்டீல் ஃபிரேம், சஸ்பென்ஷன் கிடையாது, முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. அது சலித்து, முன் சஸ்பென்ஷன் வைத்த இன்னொன்றுக்குப் போனேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் எலாஸ்டோமர் என்ற ரப்பர் மாதிரிக் கட்டைகள். குளிர்ந்த காலையில் கல்லாக இறுகும், சில வருடத்தில் பிசுபிசுத்துப் பொடிந்தே போனது.

அப்புறம் ரோடு சைக்கிள் பைத்தியம். அலுமினியம், 23 மி.மீ. டயர், 110 பிஎஸ்ஐ காற்று. இறுக்கி அடித்தால்தான் வேகம் என்று நம்பினேன். கை மரத்துப்போனதுதான் மிச்சம். இப்போது ஓட்டுவதில் 32 மி.மீ. டயர், 60 பிஎஸ்ஐ. அதே பாதைக்கு அதே நேரம்தான் ஆகிறது, எரிச்சலாக இருக்கிறது.

அந்த அலுமினியத்துக்கு இடம் வேண்டுமென்று முதல் சைக்கிளை விற்றேன். மற்ற எதையும் நினைப்பதில்லை, இது மட்டும் உறுத்துகிறது. இப்போது கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பழைய ஃபிரேம் கிடைத்திருக்கிறது, சக்கரம் இல்லாமல். 29 அங்குலச் சக்கரம் போட முடியுமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்போக்_திருகி:
29 வேண்டாம். 26 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ., 29-க்கு 622. ஒரு பக்கத்துக்கு 31.5 மி.மீ. வித்தியாசம், பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே தொடாது. டயரும் ஃபிரேமில் உரசும். 26-லேயே இருங்கள்.

பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தில் ஃபிரேமின் உள் இடைவெளியை அளந்தீர்களா? 135 மி.மீ. என்றால் சக்கரம் தேடுவது சுலபம். 130 என்றாலும் ஸ்டீல் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அலுமினிய ஃபிரேமில் இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள், விரிசல் விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சீட் போஸ்ட் அசைகிறதா என்று பாருங்கள்.

இறக்கம்மட்டும்:
நான் வேறு மாதிரி சொல்கிறேன் அண்ணா, கோபிக்கக் கூடாது. அந்தக் கால மலைச் சைக்கிளில், ஹேண்டிலைப் பிடித்து முன்னால் நீட்டும் ஸ்டெம் 130 மி.மீ. வரை நீளும், ஹேண்டில் குறுகல், தாழ்வு. அப்போது குனிந்து ஓட்டிய முதுகு இப்போதும் ஒத்துக்கொள்ளுமா? நான் ஒன்றைக் கட்டி, மூன்று முறை ஓட்டி, சுவரில் மாட்டிவிட்டேன்.

மூன்றாம்கியர்:
கோபமெல்லாம் இல்லை தம்பி, முதுகு ஏற்கெனவே உங்கள் கட்சி. குட்டை ஸ்டெம்மாக மாற்றிவிடுகிறேன். ஆனால் சீட் போஸ்ட் அசையவே இல்லை! சீட்டைப் பிடித்துத் திருகினேன், ஃபிரேமே என்னோடு சேர்ந்து சுற்றுகிறது.

ஸ்போக்_திருகி:
பயந்தது இதுதான். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட், நடுவில் ஈரம். அலுமினியம் அரித்துப் பூத்து, இடுக்கை அடைத்துக்கொள்ளும். சூடு காட்டாதீர்கள். ஒரே சூட்டுக்கு ஸ்டீலைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகிவிடும். ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக் குழாய் வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு போஸ்ட்டுக்குள் ஐஸ் துண்டுகளை அடைத்துத் திருகிப் பாருங்கள்.

மூன்றாம்கியர்:
ஐந்து நாள் ஆனது. மூன்றாம் நாள் ‘டக்’ என்று ஒரு சத்தம், உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். போஸ்ட் வெளியே வந்துவிட்டது, மேலெல்லாம் வெள்ளைப் பொடி. பின் இடைவெளி 135. செயின் மட்டும் போச்சு, 12 அங்குலத்துக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருக்கிறது. பின் பல்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிவிடுகிறேன். தம்பி, சுவரில் மாட்டியதில் அந்த 26 அங்குலச் சக்கரங்கள் சும்மாதானே இருக்கின்றன?