கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர் டேட்டா முழுக்க லாக் ஆயிருச்சுங்க, பென் டிரைவ் பேக்கப்பைச் சொருகலாமுங்களா?

பவர்டேபிள்_திருப்பூர்:
வணக்கமுங்க. சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நம்மளது. காலைல கம்ப்யூட்டரைப் போட்டா டேலில கம்பெனியே காட்டல. டேட்டா ஃபோல்டருக்குள்ள பார்த்தா, 1800-ன்னு முடியற ஃபைல் அத்தனைக்கும் பின்னால அடைப்புக்குறிக்குள்ள ஒரு நம்பர், ஒரு மெயில் ஐடி, அப்புறம் 'ஃபாஸ்ட்'னு ஒட்டியிருக்குது. பிட்காயின் கட்டுனா திறந்து தர்றோம்னு ஒரு நோட்பேட் வேற. பில் போடற அம்மணி வீட்ல இருந்தே பார்க்கறதுக்கு, சிஸ்டம் போட்டுக் குடுத்த ஆளு ஏதோ ரிமோட் வெச்சுக் குடுத்தாப்ல. போன மாசப் பேக்கப் பென் டிரைவ்ல இருக்குது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்குக் குடுக்கற விற்பனைக் கணக்கு) போடோணும். அவசரமுங்க.

காங்கேயத்தான்:
ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டு பென் டிரைவை ரீஸ்டோர் பண்ணுங்ணா. அரை நாள் வேலை.

பீளமேடு_சர்வீஸ்:
அண்ணா, ஃபார்மட் வேண்டாமுங்க. பென் டிரைவை அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே கொண்டு போகாதீங்க, சொருகுன நிமிஷமே அதையும் பூட்டிரும். மொதல்ல நெட் கேபிளைப் புடுங்குங்க, வைஃபையும் ஆஃப். கம்ப்யூட்டர் ஓடட்டும். அந்த நோட்பேடையும் ஃபைல் பேரையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க.

நீங்க சொல்ற பேரைப் பார்த்தா ஃபோபோஸ்ங்கற ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்கற வைரஸ்) வகையறா மாதிரி இருக்குது. இது பெரும்பாலும் ரிமோட் டெஸ்க்டாப் (வேற இடத்துல இருந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கற வசதி) வழியாத்தான் உள்ள வரும். 2025 ஜூலைல ஜப்பான் போலீஸ் ஃபோபோஸுக்கும் அதே வகையறாவான 8பேஸுக்கும் பூட்டைத் திறக்கற டூல் இலவசமா வெளியிட்டாங்க. 'நோ மோர் ரேன்சம்' தளத்துல இருக்குது, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சு போலீஸும் சேர்ந்து 2016-ல ஆரம்பிச்சது. எல்லாத்துக்கும் திறக்கும்னு சொல்ல முடியாதுங்க. ஆனா ஃபார்மட் அடிச்சுட்டா திறக்கறதுக்கு ஃபைலே இருக்காதே! அந்த ஹார்ட் டிஸ்கைக் கழட்டிப் பத்திரமா வெச்சுட்டு, புது டிஸ்க்ல விண்டோஸ் போடுங்க. டூலை, பூட்டுன ஃபைலோட ஒரு காப்பி மேல ஓட்டிப் பாருங்க. யூடியூப்ல 'டிகிரிப்டர்'னு வர்ற லிங்க் எதையும் தொடாதீங்க, பாதி அதுவே வைரஸ்.

பவர்டேபிள்_திருப்பூர்:
புடுங்கிட்டேனுங்க. கேக்கற காசைக் குடுத்துட்டாத் தேவலையான்னும் தோணுது.

பீளமேடு_சர்வீஸ்:
குடுத்தா சாவி வரும்ங்கறதுக்கு யாரு ஜவாப்பு? இன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்குக் கூப்டுங்க, இல்லாட்டி தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடுங்க. செர்ட்-இன்னுக்கும் (சைபர் தாக்குதலைக் கவனிக்கற மத்திய அரசு அமைப்பு) மெயில் போடோணும்ங்க. 2022-ல வந்த உத்தரவுப்படி, தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள.

அப்புறம் ரவுட்டர். அதுக்குள்ள போர்ட் ஃபார்வர்டிங்ல (வெளி நெட்டுல இருந்து உள்ள வர வழி விடற செட்டிங்) 3389 இருக்குதான்னு பாருங்க, அதுதான் ரிமோட் டெஸ்க்டாப்போட கதவு நம்பர். இருந்தா, ஊர் உலகம் பூரா வந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துட்டு இருந்திருக்கும். அதை அழிக்காம புது டிஸ்க் போட்டா அடுத்த வாரம் இதே கதைதான்.

பெருந்துறை_கணக்கு:
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறேனுங்க. உங்க ஆடிட்டர்கிட்ட மொதல்ல கேளுங்க, வருஷக் கணக்கு முடிக்க வாங்குன டேலி காப்பி அவங்க சிஸ்டத்துல இருக்கும். மிச்ச மாசத்துக்கு விற்பனை, தாக்கல் பண்ண ஜிஎஸ்டிஆர்-1-ல இருந்து இறக்கிக்கலாம். கொள்முதல், ஜிஎஸ்டி போர்ட்டல்ல வர்ற ஜிஎஸ்டிஆர்-2பி-ல கிடைக்கும், சப்ளையர் தாக்கல் பண்ண பில் மட்டும். வரவு செலவுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட். எங்கயும் கிடைக்காதது பீஸ் ரேட் கூலிக் கணக்கும் கைச் செலவும்தான். அந்தக் கூலியை எழுதற காண்ட்ராக்டர் நோட்டைக் கிழிச்சுப் போடறதுக்குள்ள வாங்கி வெச்சுக்கங்க.

பவர்டேபிள்_திருப்பூர்:
ரவுட்டர்ல 3389 இருந்துச்சுங்க, அழிச்சுட்டேன். ஆடிட்டர்கிட்ட மார்ச் வரைக்கும் இருக்குதாம். சனிக்கிழமை சம்பளத்தை நோட்டுலயே போட்டுக்கறேன். அம்மணி இனி வீட்ல இருந்து எப்படிப் பார்க்கறது?

பீளமேடு_சர்வீஸ்:
விபிஎன் (நெட்டுக்குள்ள பூட்டுன தனி வழி) போட்டு, போன்ல ஓடிபி வர்ற மாதிரி வெச்சுத்தான் உள்ள விடோணும். நெட்டுக்கு நேரா திறந்து விடக்கூடாது. விண்டோஸ் 10-ஆ இருந்தா 11-க்கு மாத்திருங்க, 2025 அக்டோபரோட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது. பென் டிரைவை வேற நல்ல கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணி, ரெண்டு காப்பி எடுத்துட்டு அப்புறம் ரீஸ்டோர் பண்ணுங்க. இனிமே ரெண்டு டிரைவ் வாங்கி மாத்தி மாத்தி எடுங்க, எப்பவும் ஒண்ணு வீட்ல இருக்கட்டும்.