கம்பைன்ட் சயன்ஸில் போட்டுவிட்டார்கள், மருத்துவம் அவ்வளவுதானா?

தேன்சிட்டு:
வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறோம், மகள் இயர் 9 முடிக்கப் போகிறாள். ஜிசிஎஸ்இக்கு (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) டிரிபிள் சயன்ஸ், அதாவது மூன்று அறிவியலும் தனித்தனிப் பாடமாக, கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம், பள்ளியிலிருந்து மூன்றையும் சேர்த்து நடத்தும் கம்பைன்ட் என்று கடிதம் வந்துவிட்டது. கேட்டால் முதல் செட்டுக்கு (மதிப்பெண்படி பிரித்த வகுப்பு) மட்டும்தான் டிரிபிள், உங்கள் பெண் இரண்டாவது செட் என்கிறார்கள். அவளுக்கு டாக்டராக ஆசை. அதற்கு ஏ லெவலில் (இங்கத்திய ப்ளஸ் டூ) பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் எடுத்தே ஆக வேண்டும். நானும் மனைவியும் ஊரில் ப்ளஸ் டூ படித்தவர்கள், பத்தாவது வரை எல்லாருக்கும் ஒரே அறிவியல், அதற்கப்புறம் குரூப் எடுப்பது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு, இங்கே 14 வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள். "கம்பைன்ட் என்றால் பாதி சயன்ஸ், சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் படிக்கும் இயர் 12, 13) சேர்க்க மாட்டார்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பள்ளியோடு மல்லுக்கு நிற்கலாமா, பள்ளியையே மாற்றலாமா, இல்லை டியூஷன் வைத்து டிரிபிளைத் தனியாக எழுத வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ப்யூரெட்:
கெமிஸ்ட்ரி டீச்சர், இங்கேதான் வேலை. முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். கம்பைன்ட்டிலும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூன்றும் உண்டு, முடிவில் இரண்டு ஜிசிஎஸ்இக்குச் சமமான கிரேடு வரும், உச்சமான 9-9இல் தொடங்கி 9-8, 8-8 என்று இரட்டையாக 1-1 வரை. டிரிபிளில் மூன்று தனித்தனி கிரேடு. ஏகியூஏ என்ற தேர்வு போர்டில் இரண்டுக்குமே ஆறு தாள்கள்தான், கம்பைன்ட்டில் ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம், 70 மதிப்பெண், டிரிபிளில் ஒன்றே முக்கால் மணி நேரம், 100 மதிப்பெண். இரண்டுக்கும் பொதுவான பாடங்களில் கேள்வியின் கடினம் ஒன்றுதான். டிரிபிளில் கூடுதலாக வருவது பாடங்கள்: பயாலஜியில் மூளை, கண், சிறுநீரகம், கெமிஸ்ட்ரியில் ஆல்கஹால், பாலிமர், மோல் கணக்கில் இன்னும் கொஞ்சம், பிசிக்ஸில் விண்வெளி. இவை தெரியாமல் ஏ லெவல் ஆரம்பிக்க முடியாது என்பது உண்மையில்லை, ஏனென்றால் ஏ லெவலில் இவற்றில் வேண்டியதை அடியிலிருந்துதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

நீங்கள் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மகள் ஹையர் டியரா, ஃபவுண்டேஷன் டியரா, அதாவது கடினமான தாளா, எளிய தாளா? ஃபவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5-5க்கு மேல் போக முடியாது, சிக்ஸ்த் ஃபார்ம்கள் சயன்ஸுக்குப் பொதுவாக 6-6ஓ அதற்கு மேலோ கேட்கும், ஆக கதவு சாத்தப்படுவது அங்கேதான். அதைப் பற்றிக் கடிதத்தில் பெரிதாக எதுவும் இருக்காது, பெற்றோரும் டிரிபிள் டிரிபிள் என்று இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கம்பைன்ட்டில் ஆறு தாளும் ஒரே டியரில்தான் எழுத வேண்டும். டிரிபிளில் பாடத்துக்குப் பாடம் மாற்றிக்கொள்ளலாம். அதனால் பிசிக்ஸில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்காக மொத்தமாக டியரைக் குறைத்துவிடும் ஆபத்து கம்பைன்ட்டில் உண்டு. இறுதி முடிவு பெரும்பாலும் இயர் 11 மாக் (மாதிரி) தேர்வுக்குப் பிறகுதான், ஆனால் கேள்வியை இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, அந்த இரட்டை கிரேடு ஆறு தாளின் மொத்தத்திலிருந்து வருவது. பயாலஜியில் பிரமாதமாக எழுதியிருந்தாலும் பிசிக்ஸ் இழுத்துவிடும். "டாக்டருக்கு பிசிக்ஸ் எதற்கு" என்று அதை மட்டும் விடக் கூடாது.

டியூஷன் வைத்துத் தனியாக டிரிபிள் எழுத வைப்பது வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தை மேத்ஸுக்குக் கொடுங்கள். ஜிசிஎஸ்இ சயன்ஸ் மதிப்பெண்ணில் பிசிக்ஸில் 30 சதவீதம், கெமிஸ்ட்ரியில் 20, பயாலஜியில் 10 கணக்கிலிருந்துதான் வருகிறது. இயர் 12இல் என் வகுப்பை விட்டு விலகும் பிள்ளைகளில் பலருக்குக் கெமிஸ்ட்ரி பிரச்சினையே இல்லை, சமன்பாட்டைத் திருப்பி எழுத வராது, அலகு மாற்ற வராது, அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

கடைசிமேசை:
ப்யூரெட் சொன்னதோடு பெற்றோர் பக்கத்திலிருந்து கொஞ்சம். என் மகன் இப்போது இயர் 13. மருத்துவக் கல்லூரிகளின் விதிகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன், பெரும்பாலானவை கம்பைன்ட்டையும் ஏற்கின்றன. அவர்கள் உண்மையில் பார்ப்பது மூன்று ஏ லெவல், அதில் கெமிஸ்ட்ரி அநேகமாகக் கட்டாயம், பயாலஜியும் சேர்ந்திருந்தால் கையில் அதிகத் தெரிவு இருக்கும். ஊர் நினைப்பில் நான்கு ஐந்து பாடம் எடுக்கச் சொல்லாதீர்கள், மூன்றுதான் வழக்கம், மூன்றிலும் ஏ வாங்குவதே போதும் போதும் என்றாகிவிடும். பிஎம்ஏடி என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு 2023ஓடு போய்விட்டது, இப்போது யுகேட்தான், அதை இயர் 12 முடிந்த கோடையிலிருந்து எழுதுவார்கள். யுகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்துக்கு மருத்துவத்துக்கு அக்டோபர் 15 கெடு, மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் நான்கு இடம்தான் மருத்துவத்துக்குப் போடலாம், ஐந்தாவதைப் போட்டால் வேறு படிப்பாக இருக்க வேண்டும். பள்ளி கொடுக்கும் பிரெடிக்டட் (இவ்வளவு வாங்குவான் என்று கணிக்கும்) கிரேடை வைத்துதான் விண்ணப்பம், அதனால் இயர் 12 முடிவில் பள்ளியே நடத்தும் தேர்வை மகனைப் போல "உள்தேர்வுதானே" என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

பள்ளி மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம். இயர் 11 முடிந்ததும் எப்படியும் இன்னொரு சிக்ஸ்த் ஃபார்முக்கோ காலேஜுக்கோ போகலாம், நிறைய பேர் போகிறார்கள். ஒவ்வொரு இடமும் தன் நுழைவுத் தகுதியை இணையதளத்தில் போட்டிருக்கும், கம்பைன்ட்டுக்கு என்ன கிரேடு என்று தனி வரியாகவே இருக்கும், வாட்ஸ்அப்பை விட அதை நம்பலாம்.

லிட்மஸ்தாள்:
நான் கம்பைன்ட் எடுத்துவிட்டு இப்போது இயர் 12இல் பயாலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ் படிக்கிறேன் அண்ணா. முதல் டெர்மில் டிரிபிள் பிள்ளைகள் "இது தெரியுமே" என்று சொல்லும்போது கொஞ்சம் உதறும், உண்மை. டைட்ரேஷன் கணக்கு, பர்சன்டேஜ் யீல்டு, ஆட்டம் எகானமி எல்லாம் எனக்குப் புதுசு. கோடை விடுமுறையிலேயே பழைய டிரிபிள் தாள்களை எடுத்து அந்தப் பகுதிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும், உங்கள் பொண்ணிடம் சொல்லுங்கள். பாதி டெர்முக்கு அப்புறம் யார் எதிலிருந்து வந்தார்கள் என்றே தெரியாது. எல்லாருக்கும் உண்மையில் அடி விழுவது வேறு இடத்தில், ஜிசிஎஸ்இயில் மனப்பாடம் பண்ணி எழுதினால் ஓரளவு ஓடிவிடும், இங்கே தெரியாத ஒரு சோதனையைக் கொடுத்து ஏன் இப்படி வந்தது என்று கேட்பார்கள். பயாலஜி மூன்றாம் தாளில் 25 மதிப்பெண்ணுக்குக் கட்டுரை வேறு இருக்கிறது (ஏகியூஏ). சோதனைகளுக்குத் தனியாக பிராக்டிகல் எண்டார்ஸ்மென்ட், குறைந்தது 12 செய்து நோட்டில் ஒழுங்காகப் பதிவு பண்ண வேண்டும், அது பாஸா இல்லையா என்று மட்டும்தான் வரும், கிரேடில் சேராது. ஆனால் அதிலிருந்து கேள்வி தாளில் வரும், அதனால் வெறுமனே டிக் வாங்கிவிட்டுப் போகக் கூடாது.

தேன்சிட்டு:
மூவருக்கும் நன்றி. டியர் என்ற சங்கதியே இன்றைக்குத்தான் காதில் விழுகிறது. இரண்டாவது செட் என்றால் ஹையர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப்யூரெட்:
பெரும்பாலும் ஆமாம், ஆனால் பள்ளிக்குப் பள்ளி வேறு. சயன்ஸ் துறைத் தலைவருக்கு நேரடியாக மெயில் போடுங்கள், "இந்த செட் ஹையர் பாடத்தை முழுக்க நடத்துமா" என்று கேளுங்கள். அந்த "முழுக்க" முக்கியம். இரண்டுங்கெட்டானாக நடத்திவிட்டு இயர் 11இல் முடிவெடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. மேத்ஸில் எந்த செட் என்பதையும் கேட்டு இங்கே போடுங்கள், அப்புறம் பார்ப்போம்.