கலைச்சொல் விவாதம்: 'காற்று இடைநீக்கம்' வேண்டாம், 'காற்றுவில்' போதும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டு 1972ஆம் ஆண்டு அம்பாசிடருக்கு ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்று நிரப்பிய ரப்பர் உறைகளால் வண்டியின் சுமையைத் தாங்கும் அமைப்பு, பொருத்துவதற்காக உச்சிப்புளியில் ஒரு கொட்டகை போட்டு வேலை செய்துவருவதையும், எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பட்டறைக்காரர்கள் தமிழில் படிக்கத்தக்க சிறு கையேடு ஒன்றை எழுதிவருவதையும் முன்பே தெரிவித்திருந்தேன். கையேட்டின் முதல் பக்கத்திலேயே அதற்குச் சரியான சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். உதவி கேட்டபோது மதுரை நண்பர் 'ஊதுபை' என்றார். யாழ்ப்பாணத்து ஐயா 'துருத்தி' என்றார். இன்னொருவர் இணையத்தில் கண்டதாகக் 'காற்று இடைநீக்கம்' என்பதை அனுப்பினார். மூன்றையும் வேலை நடக்கும் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இடைநீக்கம் என்பது ஊழியர் ஒருவரை விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கிவைப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் எந்திர மொழிபெயர்ப்பு அதைக் காருக்கும் போட்டுவிட்டது. இதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. ஆனால் விற்பனைப் பக்கங்களில் இது பரவிவருவதால், சரியான சொல்லை நாம் விரைந்து புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

'சஸ்பென்ஷன்' என்பதன் நேர்ப்பொருளைக் கொண்டு 'தொங்கல்' என்று வைக்கலாமே என்பதற்கு இந்த அளவு எளிதாக விடை சொல்ல முடியாது, ஏனெனில் அதற்கு ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் பழைய குதிரைவண்டிகளின் கூண்டைத் தோல்வார்களில் உண்மையாகவே தொங்கவிட்டிருந்தார்கள். ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது. நம் ஊர்ப் பட்டறையிலோ கார் நிற்கும், அல்லது உட்காரும். பட்டணம்காத்தானில் எனக்கு உதவும் மெக்கானிக் வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இடது பட்டை உக்காந்திருச்சு சார்" என்றார். பட்டை என்பது எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த வில், லீஃப் ஸ்பிரிங். சுமை மேலிருந்து இறங்குகிறது, கீழே ஒன்று அதைத் தாங்குகிறது என்பதே அவர் மனத்தில் உள்ள படம். ஆகவே முழு அமைப்புக்குத் 'தாங்கமைப்பு' என்பதே பொருந்தும். வெறும் 'தாங்கல்' என்றும் வைக்கலாம். ஆனால் மனத்தாங்கல் ஒருபக்கமும், வடமாவட்டங்களில் ஏரிக்கு வழங்கும் தாங்கல் ஒருபக்கமும் குறுக்கே வரும். கண்மாயும் ஊருணியும் உள்ள எங்கள் மாவட்டத்தில் அந்த இரண்டாம் குழப்பம் இல்லை என்றாலும், சொல் எல்லோருக்கும் ஆனதாக இருக்க வேண்டும்.

'தொங்கல்' என்பதை முற்றிலும் தள்ளிவிடவும் நான் விரும்பவில்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினால் சக்கரம் தன் எடையால் கீழே இறங்கி நிற்கிறதே, அதைத்தான் மெக்கானிக் 'வீல் தொங்குது' என்கிறார். கையேட்டில் அந்த நிலைக்கு ஒரு பெயர் கட்டாயம் தேவை. காற்று நிரப்பிய ரப்பர் உறை தன் அளவுக்கு மேல் நீண்டால் விளிம்பில் கிழியும். தொங்கல் எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுக்குக் கிழியாமல் நீளும் உறையை வாங்குவதோ, அச்சைக் கட்டுப்படுத்த வார் போடுவதோ நம் பொறுப்பு. முழு அமைப்புக்கும் 'தொங்கல்' என்று பெயர் வைத்துவிட்டால், இந்த உயிரான அளவுக்குச் சொல் இல்லாமல் போய்விடும்.

இனி வில்லுக்கு வருகிறேன். ஸ்பிரிங் வைத்த மாட்டுவண்டியை நம் பாட்டனார்கள் 'வில்வண்டி' என்றார்கள். யாரும் குழு அமைத்து அவர்களுக்குச் சொல் ஆக்கிக் கொடுக்கவில்லை. வளைந்து கொடுத்து, வாங்கியதைத் திருப்பித் தருவதை அவர்கள் அம்பெய்யும் வில்லில் அறிந்திருந்தார்கள். அடுக்குப் பட்டையின் வளைவிலும் அதையே கண்டார்கள். பாடநூல்களில் வரும் 'சுருள்வில்' அதே வழியில் உண்டானது. என் அம்பாசிடரில் பின்பக்கம் பட்டைவில்; முன்பக்கம் முறுக்கப்பட்டுத் திரும்பும் எஃகுத் தண்டு, அதை 'முறுக்குவில்' என்கிறேன். இந்த வரிசையில் அழுத்தப்பட்ட காற்றே வளைந்து கொடுக்கும் பொருளாக வருவது 'காற்றுவில்'. வில்லின் வடிவம் அதில் எங்கே இருக்கிறது என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். சுருள்வில்லிலும் வில்லின் வடிவம் இல்லை. அங்கே சொல் வடிவத்தை விட்டுச் செயலைப் பற்றிக்கொண்டுவிட்டது. கடற்கரையில் காற்று என்றால் வாடையும் கச்சானும் கொண்டலும் அல்லவா என்று இன்னொருவர் ஐயப்பட்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பாம்பனில் யாரும் திசை கேட்பதில்லை.

'ஊதுபை' என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. பை என்பது ரப்பரை மட்டும் குறிக்கிறது. வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியதோ அதற்குள் அடைபட்ட காற்றின் அழுத்தமும், அது எவ்வளவு பரப்பின் மேல் தள்ளுகிறது என்பதும். அந்தப் பரப்பை நான் 'செயல்பரப்பு' என்று எழுதியிருக்கிறேன். பின்சக்கரம் ஒன்றின்மேல், ஆட்கள் ஏறிய நிலையில், 300 கிலோ இறங்குவதாக வைத்துக்கொள்வோம். செயல்பரப்பு 100 சதுர செ.மீ. உள்ள வில்லுக்குச் சதுர செ.மீ.க்கு 3 கிலோ, அதாவது பட்டறைக் கணக்கில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 43 பவுண்டு காற்று போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 60 சதுர செ.மீ. உள்ளதை வாங்கினால் அதே சுமைக்கு 5 கிலோ, அதாவது 71 பவுண்டு வேண்டும். கசிவும் கம்ப்ரசரின் உழைப்பும் அதற்கேற்பக் கூடும். சுமைக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் கூட்டினால் வில்லின் விறைப்பும் கூடவே உயர்வதுதான் காற்றுவில்லின் பெரிய சிறப்பு. ஒருவர் ஏறினாலும் ஐவர் ஏறினாலும் வண்டி ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும், ஏறத்தாழ ஒரே தாளத்தில் அசையும். எஃகு வில் இதைச் செய்யாது.

யாழ்ப்பாணத்து ஐயாவின் 'துருத்தி' அழகிய சொல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் கொல்லன் துருத்தி காற்றை வெளியே தள்ளுவதற்காக இருப்பது. இங்கே காற்று வெளியேறினால் வேலையே கெட்டது. அதனால் பொதுப்பெயராக வைக்காமல், ஒரு வகையின் பெயராக அதை ஏற்கும்படி வேண்டுகிறேன். காற்றுவில்லில் இரண்டு வகைகள் முதன்மையானவை. மடிப்பு மடிப்பாக அமுங்குவது ஒன்று: குட்டையானது, அகலமானது, அமுங்க அமுங்கச் செயல்பரப்பு விரிவதால் விரைவில் விறைக்கும். இதைத் 'துருத்தி வகை' என்கிறேன். மற்றதில் ரப்பர் உறை ஒரு குத்துருளையின் (பிஸ்டனின்) மேல் மடிந்து உருண்டு இறங்கும். நடு ஓட்டத்தில் செயல்பரப்பு அதிகம் மாறாததால் மென்மையாக இருக்கும், ஆனால் உயரம் அதிகம் கேட்கும்.

அம்பாசிடரின் பின்னச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையில் இருக்கும் இடம் குறைவு என்பதால் நான் துருத்தி வகையையே எடுத்தேன். வாங்குவதற்கு முன் அதே குறுக்களவுள்ள பெயிண்ட் டப்பா ஒன்றை அந்த இடத்தில் கட்டிவைத்து, டயரும் புகைக்குழாயும் உரசாமல் விலகி நிற்கின்றனவா என்று ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். காற்று நிறைந்த உறை குறுக்கே பருக்கும். வெற்றுறையை வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம்.

பட்டைவில்லைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். பட்டை சுமையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துவைப்பதும் அதுவே. காற்றுவில்லுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. பட்டையை எடுத்தால் இணைப்புத் தண்டுகளைச் சட்டகத்தில் பற்றவைக்க வேண்டிவரும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்காக 2021இல் வந்த பழமை வாகன விதிகள் சட்டகத்தையும் உடலையும் எஞ்சினையும் மூல வடிவில் வைக்கச் சொல்கின்றன. ஆகவே பட்டையை வைத்துக்கொண்டு, துளையிடாமல் யூ போல்ட்டால் பிடிக்கும் தாங்கிகளோடு, காற்றுவில்லைத் துணைவில்லாகச் சேர்ப்பதே என் முடிவு. முறுக்குவில் உள்ள முன்பக்கத்தை நான் தொடவில்லை.

அடுத்து, இந்தக் கரையில் வாழும் நமக்கே உரிய சொல் ஒன்று: ஈரம். நம் பக்கம் 30 டிகிரி வெயிலில் நிறைவுற்ற காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியை வைத்திருக்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் 24 கிராம். 100 லிட்டர் காற்றை 10 லிட்டர் கலனுக்குள் அடைத்து ஆறவிட்டால், அதில் வந்த 2.4 கிராமில் 0.3 கிராம் மட்டுமே ஆவியாகத் தங்கும். மீதி இரண்டு கிராமும் நீராக அடியில் இறங்கும். ஒரு நிரப்புக்கே இவ்வளவு. நான் முதலில் வாங்கிய பழைய எஃகுக் கலனின் அடித்திருகை ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது தேநீர் நிறத்தில் துருநீர் சீறிக்கொண்டு வந்தது. அடிப்பகுதியில் விரல் வைத்தால் செதில் உதிர்ந்தது. விற்றவர் உள்ளே பூச்சு இருப்பதாகச் சொல்லியிருந்தார். இப்போது அலுமினியக் கலன் வைத்து, கம்ப்ரசருக்கும் கலனுக்கும் நடுவில் ஈரத்தைப் பிடிக்கும் பாகம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதற்கு 'ஈரம்வாங்கி' என்பது என் பரிந்துரை. கலனுக்குக் 'காற்றுக்கலன்'; அடித்திருகுக்கு 'வடிதிருகு'. கம்ப்ரசரைக் கம்ப்ரசர் என்றே விடுவோம். பஞ்சர் கடைப் பையன் வரை அறிந்த சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடுவதில் பயன் இல்லை. வால்வுக்கும் அப்படியே.

வால்வுகளுக்கு முன்னொட்டு மட்டும் வேண்டும். ஒவ்வொரு வில்லுக்கும் 'ஏற்று வால்வு' ஒன்று, 'இறக்கு வால்வு' ஒன்று. செலவைக் குறைக்க இடது வலது வில்கள் இரண்டையும் ஒரே குழலில் இணைப்பவர்கள் உண்டு. வளைவில் திரும்பும்போது சுமை ஏறிய வெளிப்பக்க வில்லிலிருந்து காற்று உள்பக்கத்துக்கு ஓடிவிடும். வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். இதனைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஷாக் அப்சார்பருக்கு 'அதிர்வேற்பி' என்ற சொல் வழக்கில் உள்ளது. அதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிர்ச்சியை ஏற்பது வில். ஏற்றபின் மேலும் கீழுமாக ஆடுவதை நிறுத்துவதே இந்தப் பாகத்தின் வேலை. அலை அடங்கியபின்னும் கரையில் கட்டிய வல்லம் ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு 'அலைவடக்கி' என்றால் உடனே விளங்கும். பாம்பன் சாலைப்பாலத்தின் இணைப்புகளில் வண்டி ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும்போது, வில் புதிதாக இருந்து அலைவடக்கி பழையதாக இருந்தால், இரண்டாவது தட்டு முதல் ஆட்டத்தின் மேலேயே விழும். காற்றுவில் போட்டவர்கள் அலைவடக்கியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று எழுதுவதற்கு இந்தச் சொல்லே எனக்கு வழி செய்தது.

அடிமட்டத்தில் வண்டி மோதாமல் காக்கும் ரப்பர்க் கட்டைக்கு 'முட்டுக்கட்டை'. பேச்சில் வேறு பொருள் வந்துவிட்டது என்றாலும், இங்கே அது தன் சொந்தப் பொருளுக்கே திரும்புகிறது. காற்று முழுதும் இறங்கிவிட்டாலும் இதன்மேல் உட்கார்ந்து வீடு வந்துசேர முடிய வேண்டும். 1957இல் காடிலாக் எல்டொராடோ பிரௌம் காற்றுவில்லோடு வந்தபோது, கசிவு தாளாமல் உரிமையாளர்கள் பலர் சுருள்வில்லுக்கு மாறினார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1955இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். வேறு வகை: அதில் நைட்ரஜன் ஓர் உருண்டைக்குள் நிலையாக அடைபட்டிருக்கும், எண்ணெயை ஏற்றி இறக்கி உயரத்தைக் காப்பார்கள். அதைக் காற்றுவில் என்று எழுதக் கூடாது. 'எண்ணெய்வளி வில்' என்று தனியே வைத்திருக்கிறேன்.

ஒரு சொல் மட்டும் இன்னும் எனக்கு அமையவில்லை. குத்துருளை மேல் மடிந்து உருளும் அந்த இரண்டாம் வகைக்கு 'உருளுறை' என்று எழுதிப் பார்த்தேன். மெக்கானிக் அதை 'உருளை' என்று படித்துவிட்டு, எந்த உருளை என்று கேட்டார். 'மடியுறை' என்றால் துருத்தி வகையோடு மயங்குகிறது. காலுறையைச் சுருட்டிக் கழற்றுவதற்கு உங்கள் ஊரில் தனியே ஒரு வினைச்சொல் இருந்தால் எழுதுங்கள். அதிலிருந்து பெயர் பிறக்கும் என்று தோன்றுகிறது. சனிக்கிழமை இணைப்புகளில் சோப்பு நுரை தடவி இரவு முழுதும் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கப்போகிறேன். அதற்குள் விடை வந்தால் அந்தப் பக்கத்தையும் முடித்துவிடுவேன்.

அன்புடன்,
உச்சிப்புளியிலிருந்து