மறு: மறு: ‘சம இரவு’ உண்மையில் எந்த நாள்?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கலைச்சொல் பட்டியலில் ஈக்வினாக்சுக்கு, அதாவது மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சூரியன் பூமியின் மத்திய கோட்டுக்கு நேர் மேலே வரும் கணத்துக்கு, புதுச்சொல் வேண்டும் என்று நான் எழுதியதற்கு நேற்று வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ஈக்வினாக்சுக்குத் தமிழ்நாட்டில் ‘சம இரவு நாள்’ ஊன்றிவிட்டது. இலங்கையில் ‘சமவிராக்காலம்’. இரண்டும் ஒன்றுதானே, புதுச்சொல் எதற்கு?

இரண்டும் ஒன்றுதான், அண்ணா. இரண்டுமே நடப்போடு ஒட்டவில்லை என்பதுதான் என் சங்கடம். ஈக்வினாக்ஸ் வரும் மார்ச் 20 அன்று எங்கள் திருகோணமலையில் சூரியன் காலை 6.09 அளவில் கடலுக்கு மேலே தலைகாட்டும், மாலை 6.16 அளவில் மறையும். பகல் 12 மணி 7 நிமிடம். இரவு அந்த அளவுக்குக் குறைவு. இதில் சமம் எங்கே இருக்கிறது?

காரணம் பலருக்கும் தெரிந்ததே. மேல் விளிம்பு தெரிந்த உடனேயே உதயம் என்று கணக்கு வைக்கிறோம், நடுப்புள்ளி வரும் வரை காத்திருப்பதில்லை. போதாததற்கு, காற்றுமண்டலத்தின் ஒளிமுறிவு சூரியனை அரைப் பாகைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.83 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆக, காலையில் மூன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, மாலையிலும் அதே அளவு.

அப்படியானால் எங்கள் ஊரில் பகலும் இரவும் உண்மையாகவே சமமாவது எப்போது? மார்ச் 6ஐ ஒட்டியும் ஒக்டோபர் 8ஐ ஒட்டியும். மார்ச் 6இல் உதயமும் 6.16, மறைவும் 6.16. ஒக்டோபரில் இரண்டும் 5.53. ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். பஞ்சாங்கத்தில் உதயமும் மறைவும் ஒரே இலக்கமாக நிற்கும் நாளைத் தேடிப் பிடித்தால் போதும், வேறு கணக்கு வேண்டாம்.

கவனியுங்கள், இரண்டு கிழமை வித்தியாசம்! இலண்டனில் இது இரண்டு மூன்று நாளோடு முடிந்துவிடும். பகலும் இரவும் சமமாகும் இந்த நாளுக்கு ஆங்கிலத்தில் ஈக்விலக்ஸ் என்று தனிச்சொல் இருந்தும் அதிகம் புழங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். தெற்கே போகப் போக இடைவெளி கூடும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையில் அந்த நாள் பெப்ரவரிக் கடைசிக்கே போய்விடும். மத்திய கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பாகைக்குள் ஆண்டு முழுவதும் பகல்தான் நீளம்; சமமாகும் நாளே கிடையாது. தேவை யாருக்குக் கூட என்று பார்த்தால், இலண்டன்காரரை விட எங்களுக்குத்தான்.

ஆகவே இங்கே இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று, உலகம் முழுவதற்கும் ஒரே கணம். மற்றது, ஊருக்கு ஊர் மாறும் ஒரு நாள். முதலாவதைக் ‘காலம்’ என்பதும் ‘நாள்’ என்பதும் பொருந்தாது. 2025 செப்டெம்பரில் அது எங்கள் நேரப்படி 22ஆம் திகதி இரவு 11.49க்கு நிகழ்ந்தது. சூரியன் எங்கள் காலடிக்குக் கீழே எங்கோ இருந்த நேரம்! வான நடுக்கோட்டை, அதாவது மத்திய கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போடும் கற்பனைக் கோட்டை, சூரியன் தெற்கு நோக்கிக் கடந்தது, அவ்வளவுதான்.

எனவே என் முன்மொழிவு: ஈக்வினாக்ஸ் – கதிர்க்கடவை. ஈக்விலக்ஸ் – சரிபாதி நாள்.

சூரியன் வடக்கு, தெற்கு எல்லையில் திரும்பும் சொல்ஸ்டிசுக்குக் ‘கதிர்த்திருப்பம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. திருப்பமும் கடவையும் நல்ல சோடி.

> கடவை என்றால் புகையிரதக் கடவையும் பாதசாரிக் கடவையும்தான் ஞாபகம் வரும்.

வரட்டுமே. ரயில் வீதியைக் குறுக்கே கடக்கிற மாதிரித்தான் சூரியனும் அந்தக் கோட்டைக் கடக்கிறது. அதோடு ஈக்வினாக்ஸ் என்பது வானத்தில் சூரியன் கடக்கும் அந்தப் புள்ளியையும் குறிக்கும், கடக்கும் கணத்தையும் குறிக்கும். ‘கடப்பு’ என்றால் கணம் மட்டும்தான் வரும். வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போவதையும் கடப்பு என்று எழுதுகிறார்கள், அது வேறு சிக்கல். ‘ஞாயிற்றுக்கடவை’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறக்கும் கடவையா என்று கேட்பார்கள், விட்டுவிடுவோம். பக்கத்து ஊரான தம்பலகாமத்தில் மார்ச் மாதம் ‘கதிர்’ என்றால் நெற்கதிர்தான் என்பதும் தெரியும். கூட்டுச்சொல்லில் அந்த மயக்கம் வராது.

> பிள்ளைகள் சமவிராக்காலம் என்று படித்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். குழப்ப வேண்டாம்.

ரீச்சர் சொல்வது நியாயம். பழைய சொல்லைத் தூக்கச் சொல்லவில்லை, பதிவில் மாற்றுச்சொல்லாக இருக்கட்டும். ஆனால் குழப்பம் இப்போதே இருக்கிறது. ஏப்ரல் 12 அளவில் ‘திருகோணமலைக்கு சூரியன் உச்சம் கொடுக்கிறது’ (நேர் தலைக்கு மேலே வருகிறது) என்று செய்தி வந்தவுடன், அதுதான் சமவிராக்காலம் என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. மார்ச் 20இல் சூரியன் உச்சிக்கு வருவது மத்திய கோட்டில். அன்று சூரியன் எங்கள் வானத்தில் ஆக உயரத்தில் இருக்கும்போது, அதாவது எங்கள் மணிக்கூட்டில் 12.12 அளவில், பள்ளி மைதானத்தில் ஒரு மீற்றர் தடியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். வடக்கே ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நிழல் விழும். ஏப்ரல் 12இல் அதே தடிக்கு உச்ச நேரத்தில் நிழலே இராது. கதிர்க்கடவை, சரிபாதி நாள், உச்ச நாள் என்று மூன்றுக்கும் மூன்று சொல் இருந்தால் பிள்ளைக்குச் சுமை குறையும் என்றே நினைக்கிறேன்.

மார்ச், செப்டெம்பர் கடவைகளைப் பிரித்துச் சொல்ல ‘வசந்த’, ‘இலையுதிர்கால’ அடைமொழிகள் வேண்டவே வேண்டாம். செப்டெம்பர் கடைசியில் இங்கே நிலம் வெடித்து, மாரி எப்போது பிடிக்கும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பங்குனிக் கடவை, புரட்டாசிக் கடவை என்ற யோசனை காதுக்கு இனிமைதான். ஆனால் எங்கள் மாதங்கள் நட்சத்திரக் கணக்கில் ஓடுபவை. கடவையிலிருந்து ஏறக்குறைய 60–70 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும், ஒரு காலத்தில் பெயர் பொய்யாகிவிடும். மார்ச் கடவை, செப்டெம்பர் கடவை போதும்.

‘சரிபாதி’ பேச்சுச் சொல்லாக இருக்கிறது, ‘நிகர்பகல்’ என்று வைக்கலாம் என்ற மடலையும் பார்த்தேன். அழகான சொல்தான், ஆனால் எதற்கு நிகர் என்று விளக்க வேண்டிவரும். சரிபாதி நாள் என்றால் சந்தையில் மீன் விற்பவருக்கும் விளங்கும். வரைவுப் பட்டியலில் இதையே முதலிலும் நிகர்பகலை அடுத்தும் போடுகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.