எம்எஃப்இ அட்மிஷன்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு கேள்வி

காசுசுண்டி:

என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன், உங்களிடம் கேட்டதையும் சொல்லுங்கள். ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு, எஸ்ஓபி (ஏன் படிக்கிறேன் என்று எழுதும் கட்டுரை), வீடியோ கேள்வி எல்லாம் தாண்டி நேரடி ஸூம் வரை வந்துவிட்டேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு எம்எஃப்இ, அதாவது நிதிப் பொறியியல் முதுகலை, பெயர் வேண்டாம். நம்ம நேரத்துக்கு இரவு பதினொரு மணி. பேராசிரியர் ஹலோ சொன்ன கையோடு கேட்டார்: காசைச் சுண்டிக்கொண்டே இருந்தால், அடுத்தடுத்து இரண்டு தலை விழ சராசரியாக எத்தனை தடவை சுண்ட வேண்டும்?

"இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் சார், 6" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்லது, அப்படியானால் தலை-பூ-தலை?" என்றார்.

வரிசை நடுவில் உடைந்தால் எந்த இடத்துக்குத் திரும்பிப் போகிறோம் என்பதுதான் முழுக் கணக்கும். நிலைகளைப் பிரித்து மூன்று சமன்பாடு எழுதி, நோட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஃபோகஸ் என் கட்டைவிரலில் போய் நின்றுகொண்டது. விரல் ரேகை வரை தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. நோட்டை முன்னே பின்னே நகர்த்திக்கொண்டே இருக்கிறேன், அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் "படித்துக் காட்டு போதும்" என்றார். படித்தேன். 10 வந்தது. "சரி" என்றார், அவ்வளவுதான், ஸூம் அழைப்பு முடிந்தது.

வெயிட்லிஸ்ட். அப்புறம் ஏப்ரலில் இடமில்லை என்று மெயில். விடை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'பார்த்திருக்கிறேன்' என்று சொன்னதுதான் காரணமா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

திருச்சி_ஸ்டாட்ஸ்:

நான் சொல்லியிருக்கவே மாட்டேன். யோசிக்கிற மாதிரி கொஞ்சம் நெற்றியைச் சுருக்கி, வழிமுறையோடு 6 என்று போட்டிருந்தால் அடுத்த கேள்வியே வந்திருக்காது. அவர்கள் பார்ப்பது நாம் எப்படி யோசிக்கிறோம் என்பதை, நேர்மைக்கு மார்க் கிடையாது.

என் கதை வேறு. மூன்று பங்குகள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் கோரிலேஷன் (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு) 0.8, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.8. முதலுக்கும் மூன்றாவதுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கலாம்? எல்லாரும் பெருக்கி 0.64 என்று ஓடுவார்கள், இல்லாவிட்டால் டிடர்மினன்ட் போடுவார்கள். எனக்குக் கோரிலேஷன் என்றால் கோணம்தான் முதலில் ஞாபகம் வரும், கோரிலேஷன் அந்தக் கோணத்தின் கொசைன். கொசைன் 0.8 என்றால் அது 3-4-5 முக்கோணம். முதலும் மூன்றாவதும் அதிகபட்சம் இரண்டு கோணம் விலகலாம், கோணத்தை இரட்டிப்பாக்கினால் கொசைன் 0.28. மேலே 1 வரை போகலாம், கீழே 0.28-க்குக் கீழ் முடியாது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து கேட்டார் பாருங்கள்: "இந்த 0.28 தெரிந்து ஒரு வங்கியில் யாருக்கு என்ன லாபம்?" நான் என்னமோ டைவர்சிஃபிகேஷன் என்று உளறினேன். அவரே சொன்னார். வங்கியில் ஒரு டெஸ்க் (வர்த்தகப் பிரிவு) ஒரு கோரிலேஷன் தரும், இன்னொரு டெஸ்க் வேறு காலத்து டேட்டாவை வைத்து இன்னொன்று தரும், எல்லாவற்றையும் ஒரே மேட்ரிக்ஸில் போட்டால் சில சமயம் போர்ட்ஃபோலியோவின் வேரியன்ஸ் நெகட்டிவ் என்று, நடக்கவே முடியாத விடையாக வந்து நிற்கும், ரிஸ்க் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் விழிப்பார், அவருக்குத்தான் லாபம் என்று. அட்மிட் கிடைத்தது. ஆனாலும் சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மஞ்சமண்டி:

திருச்சி அக்கா, நேர்மைக்கு மார்க் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. தெரிந்த கேள்வியைத் தெரியாத மாதிரி நடித்தால் முகத்திலேயே தெரியும். வருஷம் முழுக்க அவர்கள் பார்ப்பதே அந்த நடிப்பைத்தானே. தலை-பூ-தலை கேட்டதே அவர் தம்பியை நம்பினார் என்பதற்கு அடையாளம். வெயிட்லிஸ்ட் போனதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

எனக்கு அட்மிஷனில் ஒன்றும் ஆகவில்லை, விசாவில்தான். சென்னை, ஜெமினி பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகம், வெயிலில் வரிசை, எல்லாரும் போய் வந்த இடம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. ஐ-20-ஐ (பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காகத் தரும் படிவம்) பார்த்தார், என் டிகிரியைப் பார்த்தார். "டெக்ஸ்டைல் படித்துவிட்டு நிதிப் பொறியியலா? அதில் என்ன இன்ஜினியரிங் இருக்கிறது?" கன்சல்டன்சியில் மனப்பாடம் பண்ணிக் கொடுத்த பதில் தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. அப்பாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டி. அதைச் சொன்னேன். மஞ்சள் விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமல் விவசாயி மூட்டையை குடோனில் வைத்துவிட்டுக் காத்திருப்பார், என்சிடெக்ஸ் என்ற விளைபொருள் சந்தையில் மஞ்சளுக்கு ஃபியூச்சர்ஸ் (பின்னால் விற்க இப்போதே விலை பேசும் ஒப்பந்தம்) இருக்கிறது, ஆனால் பத்து மூட்டைக்காரருக்கு அது எட்டாது, அந்த மாதிரி ஆளுக்கு விலை விழாமல் ஒரு காப்பு செய்து அதற்கு என்ன கட்டணம் என்று கணக்குப் போடுவதுதான் இந்தப் படிப்பு என்றேன்.

அந்த அம்மா டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் நீ ஈரோட்டில்தானே இருக்க வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பதில் சொல்வதற்குள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அப்ரூவ்டு, அடுத்த ஆள்.

நான் இப்போது சிகாகோவில் வட்டி விகித ஸ்வாப் (வட்டியை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) பார்க்கிறேன். அப்பா ஒவ்வொரு தடவை போனில் மஞ்சள் ரேட் சொல்லும்போதும் அந்த அம்மா கேட்டது ஞாபகம் வருகிறது.

ஜெர்சி_அண்ணன்:

என் அனுபவம் சின்னது. இன்டர்வியூவில் புட்-கால் பேரிட்டி என்ற ஆப்ஷன் விலைச் சூத்திரத்தைக் கேட்டார்கள், சொன்னேன், இடம் கிடைத்தது. இப்போது ஜெர்சி சிட்டியில் மாடல் வேலிடேஷன், அதாவது நிதிக் கணக்கு மாடல்களைச் சரிபார்க்கும் வேலை.

ஆனால் மேலே எல்லாரும் கேள்வியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை யாரும் சொல்லவில்லையே. எம்எஃப்இ என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். பெர்க்லி மார்ச்சில் தொடங்கி ஒரு வருஷத்தில் முடிகிறது, மற்றவை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர். கார்னகி மெலன் 1994-லிருந்து நடத்துகிறது, 16 மாதம், நடுவில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்கிறது. கொலம்பியாவில் இன்ஜினியரிங் பள்ளியில் ஒன்று, கணிதத் துறையில் இன்னொன்று, இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான எஸ்ஓபியை ஏற்றிவிட்ட பையன்களை எனக்குத் தெரியும். பரூக் கல்லூரி நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, தனியார் இடங்களோடு பார்த்தால் ஃபீஸ் எவ்வளவோ குறைவு, ஆனால் வகுப்பு சின்னது, கணக்கில் சும்மா விட மாட்டார்கள். லோன் எடுக்கிறவர்கள் ரேங்க் பட்டியலை விட்டுவிட்டு முதலில் இந்தக் கூட்டல் கழித்தலைப் பாருங்கள்.

அடுத்தது ஐ-20-இல் இருக்கும் படிப்புக் குறியீடு. அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால்தான், படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்கத் தரும் 12 மாத ஓபிடி அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம். அந்த 36 மாதம் என்பது எச்1பி வேலை விசா லாட்டரிக்கு எத்தனை தடவை பெயர் போடலாம் என்பதோடு சம்பந்தப்பட்டது. டெபாசிட் கட்டும் முன் துறைக்கு மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட் பெரும்பாலும் திரும்ப வராது, அதையும் படியுங்கள். அப்புறம் ஜிஆர்ஈயில் கணக்குக்கு 170 வாங்கிவிட்டேன் என்று யாரும் குதிக்க வேண்டாம், வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் அதை வைத்திருப்பார்கள். நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் இதெல்லாம் மார்க் ஷீட்டில் பாடத்தின் பெயராகவே இருக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊர் மார்க் ஷீட்டில் 'மேத்தமேடிக்ஸ் 3' என்று மட்டும் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்? சிலபஸ் பக்கத்தை சேர்த்து அனுப்புங்கள். பைத்தான் தெரியும் என்று எழுதினால் போதாது, சி++...

ஒபீடியன்ட்_மாணவி:

அண்ணா, நல்ல தகவல்தான், ஆனால் இங்கே யாரும் கேட்கவில்லையே :) தலைப்பு வேறு.

என் கதை எல்ஓஆர், அதாவது பரிந்துரைக் கடிதம். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரி. எச்ஓடி சார் நல்லவர், ஆனால் பரிந்துரைக் கடிதம் என்றால் அவருக்கு லெட்டர்பேடில் ஒரு பத்தி, கீழே சீல். "நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, நீங்களே எழுதுங்கள் சார் என்று கெஞ்சி, கல்லூரி மெயில் ஐடியிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, அவருடைய பாஸ்வேர்டை ஆபீஸில் போய் மாற்றி வாங்கி, ஒரு வழியாக ஏற்றினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

இன்டர்வியூவில் அந்தப் பெண் பேராசிரியர் திரையில் எதையோ படித்தார், புருவம் மேலே போனது. "உன் பேராசிரியர் நீ சின்சியர், ஒபீடியன்ட், நல்ல நடத்தை உள்ளவள், எல்லாப் பண்டிகையிலும் துறைக்கு உதவுவாள் என்கிறார். ஒபீடியன்ட் என்றால் உன்னிடம் நான் என்ன எதிர்பார்க்கலாம்?"

நல்லவேளை, அதற்கு முன்னால் நான் போட்ட மான்டி கார்லோ (ரேண்டம் எண்களை வைத்துக் கணக்கிடும் முறை) புரோகிராமில் ஒரு வரியை அவர் தப்பு என்றார், நான் இல்லை மேடம் என்று சொல்லி, ரேண்டம் எண்ணை ஏன் அங்கே மீண்டும் பயன்படுத்தினேன் என்று விளக்கியிருந்தேன். அதை ஞாபகப்படுத்தி, "ஒபீடியன்ட் இல்லை என்று இப்போதுதான் பார்த்தீர்களே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அட்மிட், கொஞ்சம் ஸ்காலர்ஷிப்.

சாருக்கு ஸ்வீட் பாக்ஸோடு போனேன். "பார்த்தாயா, நான் எழுதிய கடிதம்!" என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொன்னார். சிரிப்பதா என்ன செய்வதென்றே தெரியவில்லை. இப்போது என் தங்கை அதே துறையில் கடைசி வருஷம், அவளுக்கும் அதே சார்தான் எழுதப் போகிறார். அந்த ஒபீடியன்ட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று அவர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது? யாராவது செய்திருக்கிறீர்களா?

மஞ்சமண்டி:

நேரடியாகச் சொல்லாதீர்கள். தங்கை செய்த ப்ராஜெக்ட், வாங்கிய மார்க், சார் பாடத்தில் கேட்ட ஒரு நல்ல கேள்வி, இதை ஒரு பக்கத்தில் எழுதி "உங்களுக்கு ஞாபகத்துக்கு சார்" என்று கொடுங்கள். என் சார் அதை அப்படியே இறக்கிவிட்டார், 'ஒபீடியன்ட்' வைக்க இடமே இல்லை.

ஜெர்சி_அண்ணன்:

தங்கை எந்த இன்டேக்கம்மா? பெர்க்லி என்றால் மார்ச், இப்போதே தொடங்க வேண்டும். இன்பாக்ஸில் வா, ஒரு எக்செல் ஷீட் அனுப்புகிறேன்.