மறு: போல் பொசிஷன் – 'முதலிடம்' வேண்டாம், 'முன்னத்தி' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் பெரிய ஓட்டுநர் அயர்ட்டன் சென்னாவா, ஜிம் கிளார்க்கா என்று தொடங்கிய இழை, 'போல் பொசிஷன்' என்பதற்குத் தமிழ் என்ன என்று கலைச்சொல் பக்கம் திரும்பியதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பந்தயத்துக்கு முன் நடக்கும் தகுதிச்சுற்றில் மிக வேகமாக ஒரு சுற்றை முடிப்பவர், பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று புறப்படுவார்; அந்த இடம்தான் போல் பொசிஷன். நம் சண்டையில் பாதி, சரியான சொல் இல்லாததால் வந்ததுதான்.

> முதலிடம் என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். "1988 மொனாகோவில் சென்னா முதலிடம் பிடித்தார்" என்று எழுதினால், அவர் வென்றதாகத்தான் படிப்பவர் நினைப்பார். நடந்தது வேறு. தகுதிச்சுற்றில் அவர் தன் அணித் தோழர் அலான் ப்ராஸ்டை விட 1.427 வினாடி வேகமாக ஓட்டினார். இருவருக்கும் ஒரே மெக்லாரன் வண்டி! ஆனால் பந்தயத்தின் 67ஆம் சுற்றில், வெகுதூரம் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர் தடுப்பில் மோதி நின்றுவிட்டார். வென்றவர் ப்ராஸ்ட்.

அந்த ஆண்டு மொத்தம் 16 பந்தயங்கள். 13இல் முதல் ஆளாகப் புறப்பட்டவர் சென்னா. ப்ராஸ்ட் 2இல் மட்டுமே. வெற்றிக் கணக்கோ சென்னாவுக்கு 8, ப்ராஸ்டுக்கு 7. ஒற்றைச் சுற்றின் வேகம் ஒன்று, பந்தயத்தை முடித்து வெல்வது வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று எப்படிப் பேசுவது?

> துருவ நிலை

இது வேண்டவே வேண்டாம். இங்கே 'போல்' துருவமல்ல, கம்பம். குதிரைப் பந்தயத்தில் உள்பக்கக் கம்பத்தை ஒட்டிய இடத்திலிருந்து வந்த சொல். 'முன்னிலை'யும் ஆகாது, பந்தயத்தின் நடுவே முந்திக்கொண்டிருப்பவரை ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம்.

என் பரிந்துரை 'முன்னத்தி'. உழவில் மற்ற ஏர்களுக்கு முன்னால் போவதை முன்னத்தி ஏர் என்கிறோம் அல்லவா, அதே முன்னத்தி. பின்னால் வரும் ஏர் முன்னத்தியை முந்தப் பார்க்காதே, பந்தயத்தில் எல்லோரும் முந்தத்தானே பார்க்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தச் சொல் குறிப்பது பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் விளக்கு அணைவதற்கு முந்தைய அந்த நொடியை மட்டும்தான். அப்போது எல்லோரும் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

'முன்னத்தியிடம்' என்று நீட்டினால் யாரோ ஒருவரிடம் இருப்பது போல ஒலிக்கிறது. அதனால் முழுவடிவமாக 'முன்னத்திக் கட்டம்' என்று வைக்கலாம். தொடக்கக் கோட்டருகே தரையில் வரைந்திருப்பது கட்டம்தானே. அப்புறம், அது வெறும் தரவரிசை எண் அல்ல, தரையில் ஓர் இடம் என்பதும் முக்கியம். 1990இல் ஜப்பானின் சுசுகாவில் முன்னத்திக் கட்டம் தூசி படிந்த பக்கத்தில் இருந்தது. இரண்டாவதாக நின்ற ப்ராஸ்டுக்குத்தான் பிடிமானமுள்ள சுத்தமான பக்கம். இடத்தை மாற்றச் சொல்லி சென்னா கேட்டார், மறுத்துவிட்டார்கள். முதல் வளைவிலேயே ப்ராஸ்ட் மீது மோதினார்; இருவரும் வெளியேற, சாம்பியன் பட்டம் சென்னாவுக்குப் போனது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் அந்த மோதலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இனி விவாதத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம். சென்னா இறந்தபோது அவர் கணக்கில் 65 முன்னத்திகள். அவருக்கு அடுத்து இருந்த கிளார்க்கும் ப்ராஸ்டும் ஆளுக்கு 33. பின்னாளில் வந்த லூயிஸ் ஹாமில்டன் 2023 ஹங்கேரியில் 104ஐத் தொட்டார். ஆனால் 1950களில் ஓட்டிய ஃபாஞ்சியோவின் காலத்தில் ஆண்டுக்கு ஏழெட்டுப் பந்தயங்கள்தான், இப்போது 24 வரை. அதனால் 'முன்னத்தி விகிதம்' என்று இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஃபாஞ்சியோ 51 பந்தயங்களில் 29, அதாவது பாதிக்கும் மேல். கிளார்க் 72இல் 33. சென்னா 161இல் 65. வெற்றியிலும் ஃபாஞ்சியோ 51க்கு 24. வேகம், வெற்றி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு ஃபாஞ்சியோவுக்குத்தான். இழையின் தொடக்கத்தில் சென்னா என்று எழுதியிருந்தேன், மாற்றிக்கொள்கிறேன்.

வினை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 'முன்னத்தி பிடித்தார்' என்பதா, 'முன்னத்தி நின்றார்' என்பதா? பிடித்தது சனிக்கிழமை, நிற்பது ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. உழவு தெரிந்த நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்